அட்டைச் செருப்பு

நவம்பர் 3, திங்கள்

இன்று வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு குஞ்சைத் திருடிக்கொண்டு வந்தேன். திருட்டு என்று சொல்லலாமா, தெரியவில்லை. வேண்டாம் என்று தொட்டியில் போட்ட குஞ்சு. சாயங்காலம் அந்தத் தொட்டியை என்ன செய்வார்கள் என்று அங்கே வேலை செய்கிற யாரும் வாயால் சொல்ல மாட்டோம்.

பல்லடம் ரோட்டில் கறிக்கோழிக் குஞ்சு பொரிக்கும் கம்பெனி. என் வேலை சுலபம். பெல்ட்டில் வரும் குஞ்சைக் கையில் எடுத்து, தொப்புள் மூடியிருக்கிறதா, கண் திறந்திருக்கிறதா, கால் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரலால் பாதத்தை ஒரு அழுத்து அழுத்தினால் தெரிந்துவிடும். நல்லது பெட்டிக்கு, மற்றது தொட்டிக்கு. பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டுக் குஞ்சு எண்ணுகிறேன். படிப்புக்கேற்ற வேலைதான்.

இதற்கு வலது கால் விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தன. எதையோ பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்பது போல. தொட்டியில் போட்டேன். அப்புறம் எடுத்தேன். சோற்று டப்பாவைக் கழுவித் துடைத்து அதில் விட்டு, மூடியைச் சாய்த்து வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தேன்.

நேற்று தரகர் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தரகர் அக்காவுக்காக வந்தார். மாப்பிள்ளை கனகராசுக்கு வயது நாற்பத்தொன்று. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறார். மனைவி காமாலையில் போய்விட்டாள், இரண்டு பிள்ளைகள். "பொண்ணுப் பஞ்சத்துல வந்திருக்காங்க அம்மிணி. இல்லீன்னா நம்ம பாப்பா காலுக்கு..." என்று தரகர் பேச்சை நிறுத்தினார். முறுக்கு தின்பதை நிறுத்தவில்லை.

அக்கா துளசிமணிக்கு இருபத்தேழு வயது. வலது பாதம் பிறக்கும்போதே உள்ளே திரும்பியிருந்தது. பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடப்பாள். வீட்டில் உட்கார்ந்து, தைத்து வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறாள். குஞ்சுக்குக் கால் வளைந்தால் தொட்டி, பெண்ணுக்கு வளைந்தால் இரண்டாம் தாரம்.

இந்தக் கல்யாணத்தை நடக்க விட மாட்டேன். எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அட்டைப் பெட்டியில் சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தித்தாள் விரித்து, மேலே பல்பு தொங்கவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் நன்றாக இருந்த இடது காலும் பக்கவாட்டில் விரிந்து கிடக்கிறது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏ லூசு, பேப்பர் வழுக்குதுடி. காலை ஊனவே முடியல அதுக்கு."

தாளை உருவிவிட்டு, பிசிறு வெட்டும் மூட்டையிலிருந்து பனியன் துணியை எடுத்து விரித்தாள். ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கையில் எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட ஒரு ராத்திரி வைத்திருந்ததில்லை. எதைத் தள்ள வேண்டும் என்று தெரியும். தள்ளாமல் வைத்திருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தனியாக இருப்பதால் ஓயாமல் கத்தியது. அக்கா தன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பெட்டியின் மூலையில் சாய்த்து வைத்தாள். உள்ளே இன்னொரு குஞ்சு இருப்பதாக நினைத்து அதன் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டது. சத்தம் நின்றது.

கம்பெனி விதிப்படி எங்கள் யார் வீட்டிலும் கோழி இருக்கக் கூடாது, நோய் வரும் என்று. வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அப்பா சொன்னார்: "வேலை போனாச் சொல்லு மேகலா. நானும் கூட வந்து அந்தத் தொட்டியில உக்காந்துக்கறேன்." அவர் வேலை பார்த்த நூல் மில் மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன்.

நவம்பர் 5, புதன்

போனில் வீடியோ பார்த்துக் கட்டுப் போட்டேன். இறுக்கிவிட்டேன். பாதம் நீலமாகிவிட்டது. அக்கா பிசிறு வெட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தாள். அழுதது குஞ்சு மட்டுமில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்று சரியாக வந்தது. எப்படி என்று எழுதி வைக்கிறேன், இன்னொன்றுக்கு உதவலாம்.

பனியன் பெட்டி அட்டையில் குஞ்சின் பாதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செருப்பு மாதிரி வெட்ட வேண்டும். காலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் விரல்கள் இளகும். ஒவ்வொரு விரலாக நீட்டி அட்டையில் பரப்பி, காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை நூல் போலக் கிழித்து விரல்களுக்கு நடுவில் கொடுத்து ஒட்ட வேண்டும். பிடிக்க வேண்டும், இறுக்கக் கூடாது. விரிந்த காலுக்கு, இரண்டு காலையும் சேர்த்து இடைவெளி விட்டு ஒரு பட்டை. குடிக்கிற தண்ணீரில் அம்மாவின் பி காம்ப்ளக்ஸ் சிரப் கொஞ்சம். தினமும் பாதத்தின் நிறம் பார்க்க வேண்டும்.

"எலும்பு எளசா இருக்கறப்பவே கட்டிப்போடணும். முத்திப் போச்சுன்னா ஒண்ணும் ஆகாது" என்றாள் அக்கா, குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "இவளுக்கும் அப்புடித்தான் கட்டுனாங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில. வாராவாரம் மாவுக்கட்டு. நேராத்தான் வந்துச்சு."

இது எனக்குத் தெரியாது. "அப்புறம்?"

"ரெண்டு செருப்பையும் கம்பி வெச்சு இணைச்சுக் குடுத்தாங்க. நாலு வயசு வரைக்கும் போடணும், கால் வளர வளர வந்து அளவு மாத்திக்கணும்னு சொன்னாங்க. ஒரு வருசம் போனேன். பொறவு தூக்கிட்டுப் போவ முடியல."

"ஏன் முடியல?"

"முடியலீன்னா முடியல. மாசமா இருந்தேன். வாந்தியா எடுத்துட்டுக் கெடந்தேன்."

யாரை மாசமாக இருந்தாள் என்று கேட்க வேண்டியதில்லை. வீட்டில் இரண்டே பிள்ளைகள்.

அப்பா தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மாமா இருந்தார், சித்தி இருந்தாள். ஒரு ஊரே இருந்தது. ஆண் பிள்ளையின் கால் என்றால் பஸ் பிடித்து, லாரி பிடித்து, நடந்தாவது போயிருப்பார்கள்.

அக்கா தலை நிமிரவில்லை. "பட்டையை இன்னும் கொஞ்சம் லேசாக் கிழி" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். கனகராசு, அவருடைய அக்கா, தரகர்.

என்ன பேச வேண்டும் என்று காலையிலிருந்து தயாராக இருந்தேன். அக்காவுக்கு இஷ்டமில்லை, போய்விட்டு வாருங்கள். இவ்வளவுதான். இதற்கு ஒரு மனப்பாடம்.

மாப்பிள்ளையின் அக்கா தண்ணீர் கேட்டார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இது சில்லுனு இருக்குது, வேற கொண்டா அம்மிணி" என்றார். அக்கா திரும்ப உள்ளே போய்த் திரும்ப வந்தாள். இரண்டாவது சொம்பையும் அவர் குடிக்கவில்லை. கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதாவது அவள் காலை.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. சீலையைக் கொஞ்சம் தூக்கு. பின்னால யாரும் ஏமாத்திப்போட்டாங்கன்னு சொல்லப்புடாதில்ல."

அக்கா தூக்கினாள். அவர் குனிந்து பாதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அந்த அழுத்து எனக்குத் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். அதே நேரம் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது சின்னவளா? இதுக்கு எப்பங்க?"

"இது கார்த்திகையில முடிஞ்சா, மார்கழியை உட்டுட்டுத் தையில அடுத்ததுங்க" என்றாள் அம்மா.

நான் மிக்சர் தட்டை எடுத்து நீட்டினேன்.

போகும்போது கனகராசு குஞ்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "சூடு பத்தாதுங்க. பல்பைக் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க" என்றார். அவரை வெறுக்கலாம் என்றிருந்தேன். அதற்கும் வழி விடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

சம்மதம் என்று போன் வந்தது. அவர்களுக்கு.

நவம்பர் 12, புதன்

கட்டை அவிழ்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு மெல்ல உரித்தால் தோல் பிய்யாது. விரல்கள் மூன்றும் முன்னால், ஒன்று பின்னால், அது அதற்கான இடத்தில் இருந்தன. குஞ்சு அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தது, வைத்தது, மறுபடியும் தூக்கியது. அட்டைச் செருப்பு இல்லாமல் கால் அத்தனை லேசாக இருந்திருக்கும். அப்புறம் கண்ணாடியை நோக்கி ஒரே ஓட்டம்.

அக்கா சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் பல் தெரியச் சிரித்து.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று சொன்னேன். "வேண்டாம்னு சொல்லிரு அக்கா. ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துக்குவ?"

"உன்னைய. கடைசி வரைக்கும் நான் இருக்கறேன்."

"நீயி எங்க இருக்கற? தையில தினகரன் வீட்டுல இருப்ப."

தினகரன் பெயரை நான் இந்த வீட்டில் சொன்னதே இல்லை. எங்கள் கம்பெனியில் குஞ்சு வண்டி ஓட்டுகிறான்.

"யாரு சொன்னா?"

"அந்த வண்டிச் சத்தம் கேட்டா நீ கண்ணாடி முன்னால போயி நிக்கற. இந்தக் குஞ்சாட்டவே." குஞ்சின் காலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்தாள். "அவங்கம்மா மூத்தவளை வெச்சுட்டு எப்புடி எடுக்கறதுன்னு கேட்டாங்களாம். நம்ம அம்மாகிட்ட வந்துட்டுப் போயிருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"சரி" என்றாள் அக்கா.

நவம்பர் 13, வியாழன்

தெரியும்.

நவம்பர் 18, செவ்வாய்

டீ இடைவேளையில் தினகரன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "எங்கம்மா ஒத்துக்கிச்சு. உங்கக்காளுக்கு அமைஞ்சதுல ரொம்ப சந்தோசம் அதுக்கு" என்றான்.

"எங்கக்காளுக்கு சந்தோசமான்னு கேட்டியா?"

"அது நீதான சொல்லோணும்."

கோபமாகப் பேசிவிட்டு வந்தேன். அவனிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருந்தால், ஒரு வருஷம், இரண்டு வருஷம், அவன் பொறுத்திருப்பான். பொறுக்கிற ஆள்தான். நான் சொன்னது, தை வரைக்கும் என் கண்ணில் படாதே என்று. தை என்றுதான் வாயில் வந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

குஞ்சு அடையாளம் தெரியாமல் வளர்ந்துவிட்டது. மஞ்சள் போய் வெள்ளைச் சிறகு வந்துவிட்டது. நடுவிரல் நகத்தில் எச்சம் காய்ந்து உருண்டையாக ஒட்டியிருந்தது. பிடித்து இழுக்கப் போனேன். அக்கா கையில் அடித்தாள். "நகத்தோட வந்துரும். ஊற வை." சின்னக் கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஆறவைத்து, அதில் காலை வைத்துப் பிடித்துக்கொண்டோம். கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து போனது. அடியில் சிவந்திருந்த இடத்தில் மஞ்சள் தடவினாள்.

"நான் போனதுக்கப்புறம் நீதான் பாக்கணும். வாரம் ஒருக்கா காலைத் திருப்பிப் பாரு. ஈரத்துல உடாத. தீனி எச்சா வெக்காத, கனம் ஏறுனா கால் தாங்காது."

தலையாட்டினேன்.

அவளிடம் சொல்லாத ஒன்று. இது நாட்டுக்கோழி இல்லை. ஆறு வாரத்தில் அறுப்பதற்கென்றே உண்டாக்கிய இனம். உடம்பு வளரும் வேகத்துக்குக் கால் வளராது. பண்ணைகளில் கடைசி வாரத்தில் நல்ல கால் உள்ளவையே உட்கார்ந்துவிடும். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பரவாயில்லை, அதற்குள் கறிக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிடும் என்று.

அக்கா அதைத் தூக்கிக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் போச்சு பாரு. இனி இதுக்கு ஒரு கொறையுமில்ல" என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

கல்யாணம். அப்பா வாட்ச்மேனாக இருக்கும் மண்டபத்தில்தான். வாசலில் அவர் வேட்டியில் நின்று வரவேற்றபோதும், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பைக் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

சேலையை ஒரு சாண் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். மேடையைச் சுற்றி வரும்போது மாப்பிள்ளையின் அக்கா, "ஒரு சுத்து போதுமுங்க, நேரமாவுது" என்றார். நேரம் நிறைய இருந்தது. வீடியோக்காரனிடம் மேலே மட்டும் எடுக்கச் சொன்னதை நான் கேட்டேன்.

அப்புறம் அம்மி மிதிக்கிற சடங்கு. பெண்ணின் வலது காலை மாப்பிள்ளை தன் கையால் எடுத்து அம்மிமேல் வைத்து மெட்டி போட வேண்டும். ஒரு பெண்ணின் காலை எல்லோர் முன்னாலும் ஆண் தொடுகிற ஒரே நேரம். கனகராசு குனிந்தார். வலது காலைத்தான் பிடித்தார். அதை நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

"டேய், எடது காலை வைடா. அதுதான் பார்வையா இருக்கும்" என்றார் அவருடைய அக்கா.

"வலது கால்தாம்மா வழக்கம்" என்றார் ஐயர்.

"போட்டோல எது வலதுன்னு எவன் பாக்கறான் சாமி?"

கனகராசு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு கையை மாற்றினார். நல்ல கால் அம்மிமேல் ஏறியது.

அங்கே கூடியிருந்த இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று: நல்ல காலைத் தூக்கினால் எந்தக் காலில் நிற்பாள்? திரும்பிய பாதத்தின் ஓரத்தில், முழு உடம்பையும் வைத்து, கழுத்து நிறைய மாலையோடு அக்கா நின்றாள். ஆடினாள். பக்கத்தில் தோழியாக நின்ற என் தோளைப் பிடித்தாள். கத்தவில்லை. நகம் ஜாக்கெட்டைத் தாண்டி இறங்கியது. மெட்டியை மாட்டி, வீடியோவுக்காகக் கழற்றி மறுபடியும் மாட்டும் வரை அப்படியே நின்றாள்.

நான் அப்போதாவது பேசியிருக்கலாம். தோளைக் கொடுத்தேன்.

வலது கால் மெட்டி விரலில் ஏறவில்லை. அந்த விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடங்கியவை. "பொறவு போட்டுக்கலாம், வெச்சிரு" என்று அதை என் கையில் திணித்தார்கள்.

காரில் ஏறும்போது அக்கா அழவில்லை. கண்ணாடியை இறக்கி, "பல்பு இனி வேண்டாம், வெக்கை தாங்காது அது" என்றாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

பிசிறு மூட்டை கொண்டுவரும் ஆள் வந்தான். இனி இல்லை என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அக்கா உட்காரும் இடத்தில் தரை மட்டும் பளபளப்பாக இருக்கிறது.

மெட்டியை அம்மாவிடம் கொடுத்தேன். "உன்ர பெட்டியிலயே வெய்யி. நல்ல வெள்ளி. இன்னொண்ணு சேத்து வாங்குனா ஜோடி ஆயிரும்" என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

தினகரன் வீட்டிலிருந்து வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் என்னை நடந்து காட்டச் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டு கொடுத்தேன். குடித்தார்கள்.

டிசம்பர் 14, ஞாயிறு

கோழி முந்தாநாளே உட்கார்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் கால்கள் இரண்டும் நடுங்கி, விலகி, மார்பு தரையில் படிந்துவிடுகிறது. இரண்டு கையால் தூக்க வேண்டியிருக்கிறது, அத்தனை கனம். அக்கா சொன்னபடிதான் தீனி வைத்தேன். பனியன் துணி மாற்றினேன். பி காம்ப்ளக்ஸ் கொடுத்தேன். வலது கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கின்றன. நாங்கள் நிமிர்த்தியதில் ஒரு குற்றமும் இல்லை.

அட்டையை எடுத்து அளவு பார்த்தேன். எதற்கு வெட்டுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

"அறுத்துருங்க, பாவம்" என்றார் அப்பா.

மதியம் அக்கா போன் செய்தாள். தறி ஓடுகிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினாள்.

"இங்க வீடு மாடியில. படி எச்சு. கைப்புடி போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு."

"புள்ளைங்க எப்புடி?"

"சின்னது அத்தைன்னு கூப்புடுது. அம்மான்னு கூப்புடுன்னு நாத்தனா அடிச்சுப்போட்டாங்க. அத்தைன்னே கூப்புடட்டும்னு உட்டுட்டேன்." அதே மூச்சில் கேட்டாள்: "கோழி எப்புடி இருக்குது? நடக்குதா?"

அது என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் குரல் போனில் கேட்டதும் தலையைத் தூக்கியது. எழுந்திருக்கப் பார்த்தது.

"ஒரு எடத்துல நிக்கறதில்லக்கா. புடிக்கவே முடியல" என்றேன்.

அக்கா சிரித்தாள். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அந்த ஒத்தை மெட்டி பத்தரமா இருக்குதா? எனக்கெதுக்கு அது, நீ வெச்சுக்க. உனக்கு அளவு சரியா வரும்டி."

"பாக்கறேன்க்கா" என்றேன்.

பார்த்துவிட்டேன். அன்று ராத்திரியே, மண்டபத்திலிருந்து வந்ததும். சரியாகத்தான் இருந்தது.